வாகனமா, அலங்காரமா?

துபாயில் சொந்தத் தொழில் நடத்திவரும் சகோதரர் ஒருவர் மஸ்அலா கேட்டு எழுதியிருக்கிறார். அல்லாஹ்வின் அருளால் தொழில் நன்றாக நடக்கிறதாம். சம்பாத்தியம் ஹலாலானது, வட்டியின் வாடை கூடப் படாதது. ஜகாத்தை வருடந்தோறும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார். ஹஜ்ஜுக் கடமை நிறைவேறிவிட்டது. கடன் இல்லை. சிறு வயதிலிருந்தே மனத்தில் கிடந்த ஆசை ஒன்று மட்டும் பாக்கி: ஒரு ஃபெராரி கார் வாங்க வேண்டும். கையில் பணமும் இருக்கிறது. "இது ஹராமா? ஹராம் இல்லையென்றால், வேறு நல்ல கார் வாங்கிக் கொள்வதுதான் மேல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் என்ன?" என்பது அவருடைய கேள்வி.

இதற்கு 'இஸ்ராஃப்' என்ற ஒரே சொல்லில் பதில் எழுதி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் கேட்டவருக்கு அது பதிலாகாது. ஒரு பொருளை ஹராம் என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று திருமறையே அஃராஃப் அத்தியாயத்தில் கேட்கிறது. தன் உடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டும் என்று விரும்புகிற மனிதனைப் பற்றி ஸஹாபாக்கள் கேட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். மனிதனுக்கு வாய்க்கும் நற்பேறுகளில் விசாலமான வீட்டோடு வசதியான வாகனத்தையும் சேர்த்தே அவர்கள் கூறியுள்ளார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. நல்ல உடை உடுத்தியவர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அப்படியே. கிழிசல் உடையும் ஓட்டை வண்டியும்தான் தக்வா என்று நமக்கு யாரும் போதிக்கவில்லை.

இன்னொரு வாதத்தையும் ஒதுக்கிவிட விரும்புகிறேன். இந்தியாவில் இத்தகைய காரைப் புதிதாக வாங்கினால் மூன்று, நான்கு கோடி ரூபாய்க்குக் குறையாது. அந்தப் பணத்தில் எத்தனை குமர்களைக் கரையேற்றலாம், எத்தனை எத்தீம் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று மிம்பரில் நின்று கணக்குப் போடுவது எளிது. கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? முப்பது லட்ச ரூபாய்க் காரையும் அப்படிக் கேட்கலாம். நம் வீட்டு வலீமா விருந்தைக் கேட்கலாம். ஊரில் ஒன்றுக்கு இரண்டாக எழும்பும் மினாராக்களைக் கேட்கலாம். (கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம், அது வேறு கட்டுரை.) கடமையான ஜகாத்தைக் கொடுத்துவிட்டவரிடம் மீதி அத்தனையையும் தர்மம் செய்தால்தான் ஆச்சு என்று ஷரீஅத் சொல்லவில்லை. செலவு செய்தால் வீண் விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களைத்தான் ஃபுர்கான் அத்தியாயம் ரஹ்மானின் அடியார்கள் என்று புகழ்கிறது.

அப்படியானால் அந்தச் சகோதரர் வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

காருக்குக் குர்ஆனிலும் ஹதீஸிலும் சட்டம் எங்கே தேடுவது என்று திகைக்க வேண்டியதில்லை. எஞ்சினின் ஆற்றலை நாம் இன்றும் குதிரைத்திறன் என்றுதான் அளக்கிறோம். 2005-ல் வெளிவந்த புகாட்டி வேரான் என்ற காருக்கு 1001 குதிரைத்திறன். மணிக்கு 400 கிலோமீட்டரையும் தாண்டி ஓடியது. ஃபெராரியின் இலச்சினையோ முன்னங்கால்களைத் தூக்கித் துள்ளி நிற்கும் கருங்குதிரை. முதல் உலகப் போரில் மாண்ட பரக்கா என்ற இத்தாலிய விமானியின் விமானத்தில் இருந்த சின்னம் அது. அவருடைய தாயாரின் யோசனைப்படி என்ஸோ ஃபெராரி அதைத் தம் கார்களில் பொறித்துக் கொண்டார். ஆக, குதிரையைப் பற்றிய ஹதீஸை இங்கே கொண்டுவருவதில் தவறில்லை.

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான ஹதீஸ் அது. குதிரை மூன்று வகை மனிதர்களுக்கு மூன்று விதமாக அமைகிறது என்றார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒருவருக்கு அது நற்கூலி. இன்னொருவருக்கு மானம் காக்கும் திரை. மற்றொருவருக்குப் பாவச் சுமை. அல்லாஹ்வின் பாதையில் கட்டி வைத்தவருக்கு அது மேயும் புல்லும் குடிக்கும் நீரும் கூட நன்மையாக எழுதப்படுகிறது. பிறரிடம் கையேந்தாமல் தன் தேவையைத் தானே பார்த்துக் கொள்ள வைத்திருந்து, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் ஹக்கை மறக்காதவருக்கு அது திரை. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் முஸ்லிம்களோடு பகைமை பாராட்டவும் கட்டியவருக்கு அது சுமை.

கவனிக்க வேண்டியது, மூவரிடமும் இருப்பது குதிரைதான். எவ்வளவு விலை கொடுத்தாய் என்று ஹதீஸ் கேட்கவில்லை. எதற்காகக் கட்டினாய் என்று கேட்கிறது. முதுகின் ஹக்கைக் கொடுத்தாயா என்று கேட்கிறது. நம் மஸ்அலாவை இந்த இரண்டு கேள்விகளிலும் உரைத்துப் பார்த்தால் போதும்.

முதுகை முதலில் எடுத்துக் கொள்வோம். ஒரு பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள், யாரிடம் உபரியான வாகனம் இருக்கிறதோ அவர் வாகனம் இல்லாதவருக்கு அதைக் கொடுத்து உதவட்டும் என்று அறிவித்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வாயிலாக முஸ்லிமில் காண்கிறோம். அறிவிப்பின் மூலச் சொல் 'முதுகின் உபரி' என்பதாகும். அவர்களே தம் வாகனத்தின் பின்னால் பிறரை ஏற்றிக் கொண்டவர்கள். முஆத் (ரலி) அவர்கள் பின்னால் அமர்ந்து போயிருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்து அமர்ந்து போயிருக்கிறார்கள். ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபா வரை உஸாமா (ரலி) அவர்களும், அங்கிருந்து மினா வரை ஃபள்லு (ரலி) அவர்களும் அந்தப் பாக்கியத்தைப் பெற்றார்கள். லட்சம் கண்கள் பார்த்திருக்கும் அந்த நாளில் தம் வாகனத்தின் முதுகைப் பகிர்ந்து கொண்ட நபியின் உம்மத் நாம்.

இப்போது அந்தக் காரைப் பாருங்கள். அந்த இனத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே ஆசனம். எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஆகவே மூன்றாவது மனிதருக்கு இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை நான்கடிதான் உயரம். காற்றைக் கிழித்துப் போவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள தாயாரை அதில் உட்கார வைத்துப் பாருங்கள். உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியாது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஜும்ஆவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒன்றாகப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் கதவைத் தட்டினால், நெஞ்சு வலிக்காரரை ஏற்றிக் கொண்டு, கூட வரும் மகனைத் தெருவிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் வயிறு தட்டும். அதற்கென்று முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும் பொறியைத் தனி விலைக்கு விற்கிறார்கள்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு எப்படியும் இன்னொரு கார் வேண்டும். ஒருவேளை அவரிடம் ஏற்கனவே இருக்கும். தாயாரும் பிள்ளைகளும் அதில்தான் போவார்கள். இதைப் புரிந்து கொண்டால் கேள்வியே மாறிவிடுகிறது. 'இந்தக் காரா, அந்தக் காரா' என்பதல்ல விஷயம். வாகனத் தேவை முப்பது லட்சத்தில் தீர்ந்துவிட்டது. மீதிக் கோடிகள் வாகனத்துக்காகக் கொடுக்கப்படுவன அல்ல. வேறெதற்காக?

நஹ்லு அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நீங்கள் ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் தஆலா கூறுகிறான். நீங்கள் அறியாதவற்றையும் படைப்பதாகத் தொடர்கிறான். இக்காலத்து விரிவுரையாளர் பலர் மோட்டார் வாகனங்களை அந்தக் கடைசிச் சொற்றொடரில் சேர்க்கிறார்கள். ஏறிச் செல்வது முதலில் வருகிறது; அலங்காரம் அதைத் தொடர்ந்து வருகிறது. இரண்டின் சொல்லமைப்பும் வேறு. ஏறிச் செல்வதை நம் செயலாகவே இறைவன் சொல்கிறான். அலங்காரத்தையோ 'நீங்கள் உங்களை அலங்கரித்துக் கொள்வதற்காக' என்று சொல்லவில்லை. அதை நோக்கமாக வைத்துவிட்டால் அது தற்பெருமையில் கொண்டுபோய் விடும் என்பதே காரணம் என முஃபஸ்ஸிர்கள் சிலர் நுணுக்கமாக விளக்குகிறார்கள். ஏறிச் செல்லும் வாகனம் அழகாகவும் இருந்தால் அது நிஃமத். அழகுக்காகவே வாங்கி, ஏறிச் செல்ல வேறொன்று தேடினால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

சகோதரர் இதற்கு ஒரு பதில் சொல்லக் கூடும்: "எனக்கு வேகம் பிடிக்கும்." நியாயமான பதில்தான். வேகத்தின் மேல் ஆசை பாவமல்ல. நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓட விட்டார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். ஆனால் இந்தக் காரின் வேகத்தை எந்தச் சாலையில் அனுபவிப்பது? மணிக்கு 300 கிலோமீட்டர் போக வல்லது அது. நம் நாட்டின் எக்ஸ்பிரஸ் சாலைகளுக்கே 2018-ல் விதித்த உச்ச வரம்பு 120. வளைகுடா நாடுகளிலும் அதன் வேகத்தில் பாதியளவைத் தாண்டிப் போனால் அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும். ஜெர்மனியில் ஆட்டோபான் சாலையின் சில பகுதிகளில் வரம்பில்லை என்பது உண்மை. அதற்காகத் துபாய்க்காரர் ஜெர்மனிக்குப் போய்க் குடியேற முடியுமா? சட்டத்தை மீறி ஓட்டுவதோ, பிற உயிர்களை ஆபத்தில் தள்ளுவதாகும். அதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

அவருக்கு நான் ஒரு யோசனை சொல்வேன். துபாயிலேயே ஆட்டோட்ரோம் என்ற பந்தயத் தளம் 2004 முதல் இருக்கிறது. அபூதாபியின் யாஸ் தீவில் 2009-ல் திறக்கப்பட்ட தளமும் இருக்கிறது. இத்தகைய இடங்களில் கட்டணம் செலுத்தி, தகுந்த பயிற்சியாளரோடு, பந்தயக் காரை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் போய் மனம் நிறைய ஓட்டட்டும். திரும்பி வந்து, தனியே உட்கார்ந்து, தம் நஃப்ஸிடம் கேட்கட்டும்: ஆசை தீர்ந்ததா? தீர்ந்தது என்றால் அல்ஹம்து லில்லாஹ், கோடிகள் மிச்சம். தீரவில்லை, அது என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், ஹோட்டல் வாசலில் நான் அதிலிருந்து இறங்க வேண்டும் என்று நஃப்ஸ் சொன்னால், அது ஆசைப்பட்டது வேகத்துக்கு அல்ல என்பது அவருக்கே விளங்கிவிடும்.

அது ஆசைப்பட்டதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இஹ்யாவில் பதவிப் பற்றையும் முகஸ்துதியையும் கண்டிக்கும் பாகத்தில் 'ஜாஹ்' என்பதை விளக்குகிறார்கள். செல்வம் என்றால் பொருள்களுக்கு உரிமையாளனாவது. ஜாஹ் என்றால் உள்ளங்களுக்கு உரிமையாளனாவது. வாகனத்துக்கு மேல் கொடுத்த கோடிகள் இந்தச் சரக்குக்குத்தான் போகின்றன. எதிரே வருகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரிலுள்ள பிள்ளை கை நீட்ட வேண்டும். அந்தப் பார்வைகளின் விலை அது. பாலைவனத்தின் நடுவே யாருமில்லாத தீவில் அந்தக் காரை யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் ஒரு ஜீப்பை வாங்குவார்கள்.

2023 ரமளானில் துபாயில் கார் ஒன்றின் நம்பர் தகடு ஏலத்தில் விடப்பட்டது. 'பி 7' என்ற அந்தத் தகடு ஐந்தரைக் கோடி திர்ஹத்துக்குப் போயிற்று. நம் பணத்தில் அப்போது நூற்றிருபது கோடி ரூபாய்க்கு மேல். தொகை பசித்தோருக்கு உணவளிக்கும் நிதிக்குச் சென்றது. அந்த வகையில் நன்மையே. எடுத்தவரின் நிய்யத்தை நாம் தீர்ப்பளிக்க முடியாது. நம் பாடம் வேறு. தகட்டுக்கு எஞ்சினும் இல்லை, ஆசனமும் இல்லை. வாகனத்திலிருந்து வாகனத்தை முழுவதும் கழித்துவிட்டாலும் மனிதர்கள் கோடிகளைக் கொட்டத் தயாராக இருக்கும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்பதை அந்த ஏலம் காட்டியது.

பார்ப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஸஸ் அத்தியாயத்தில் காரூன் தன் அலங்காரத்தோடு சமூகத்தாருக்கு முன் புறப்பட்டு வந்ததைக் கூறும் திருமறை, அவன் எதில் ஏறி வந்தான், எத்தனை பேர் உடன் வந்தார்கள் என்று அங்கே விவரிக்கவில்லை. தெருவோரத்தில் நின்றவர்களை விவரிக்கிறது. உலக வாழ்வை நாடியவர்கள், நமக்கும் இப்படிக் கிடைக்காதா, இவன் பெரும் பாக்கியசாலி என்று ஏங்கினார்கள். கல்வி கொடுக்கப்பட்டவர்கள் அவர்களைக் கண்டித்தார்கள். காரூனின் அழிவு அதற்குப் பிறகே வருகிறது. ஒருவனுடைய பவனி பார்த்தவர்களின் ஈமானை உரசிப் பார்க்கிறது. நம் ஊர்த் தெருவில் அந்தக் கார் உறுமிக் கொண்டு நுழையும்போது, ஆட்டோ ஓட்டி இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து வீடு திரும்பும் ஒரு தகப்பனை அவன் பிள்ளை எந்தக் கண்ணால் பார்க்கும்? அந்தப் பிள்ளையின் ஏக்கத்தில் காருக்குரியவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது அவர்களுக்கு ஓர் உயர் ரகக் குதிரை கொண்டு வரப்பட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஏறினார்கள், குதிரை துள்ளி நடை போட்டது. உடனே இறங்கிவிட்டார்கள். இந்த நடையில் இருப்பது பகட்டு என்று வெறுத்து, தம் பழைய வாகனத்தையே வரவழைத்துக் கொண்டார்கள். ஏறிப் பார்த்ததும் தம் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்தவர்கள் அவர்கள்.

பதில் இதுதான். ஹலாலான பணத்தில் வாங்கினால் அந்தக் கார் தன்னளவில் ஹராமான பொருள் என்று நான் எழுத மாட்டேன். பெருமைக்காக வாங்கினால் அந்த நிய்யத்தே ஹராம். அதை முஃப்தி கண்டுபிடிக்க முடியாது, வாங்குபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேவைக்கு என்று வாங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தப் பொருளே அமைந்திருக்கிறது. நற்கூலியாகும் குதிரை அல்ல. மானம் காக்கும் திரையும் அல்ல. மூன்றில் இரண்டு போனால் எது மிச்சம் என்பதைச் சகோதரர் யோசிக்கட்டும். தாயாரும் பிள்ளைகளும் தாராளமாக உட்காரக் கூடிய, உறுதியான, அழகான, விலை உயர்ந்த காராகவே இருந்தாலும், அதை வாங்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. கடன் வாங்கி இந்த ஆசையைத் தீர்த்துக் கொள்ள நினைப்பவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. வட்டிக் கடனில் வாங்கினால் அது எந்தக் காரானாலும் ஹராம்.

இதையொட்டி ஜகாத் மஸ்அலா ஒன்றும் உண்டு. நான்கு கோடி ரூபாய் ரொக்கமாக இருந்தால் வருடத்துக்குப் பத்து லட்சம் ஏழைகளின் ஹக். அதே பணம் சொந்த உபயோகக் காராக மாறிவிட்டால் ஜகாத் இல்லை. ஏறிச் செல்லும் குதிரைக்கு ஜகாத் இல்லை என்ற ஹதீஸின்படி அப்படித்தான். ஆனால் சிலர் பழைய ஃபெராரிகளை, பின்னால் விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். 1962-ல் செய்யப்பட்ட 250 ஜிடிஓ கார் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் ஏலத்தில் நாலு கோடியே எண்பத்து நாலு லட்சம் டாலருக்கு விலை போனது. வாங்கும்போதே விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் அது வியாபாரச் சரக்கு. வருடம் நிறையும் நாளில் சந்தை விலை என்னவோ அதற்கு நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வாங்கிய விலைக்கு அல்ல. ஏறியிருந்தால் ஏறிய விலைக்கு. சொந்த உபயோகத்துக்கென வாங்கிப் பின்னர் விற்க நினைத்தால், விற்று முடியும் வரை அந்தக் கடமை இல்லை. வாங்கிய நாளில் மனத்தில் இருந்தது எது என்பதை அவரே அல்லாஹ்வுக்குப் பயந்து தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.